ஸ்ட்ரீட் ஹாக்: பதின்மூன்றே பாகங்கள் ஓடிய வண்டி

'ஸ்ட்ரீட் ஹாக்' தொடரின் ஆரம்பக் குரலை என் வயதுக்காரர்கள் பலர் இன்றைக்கும் ஒப்பிப்பார்கள். ஜெஸ்ஸி மாக், பணியில் அடிபட்ட முன்னாள் மோட்டார் சைக்கிள் போலீஸ்காரன். அரசாங்கத்தின் ரகசியத் திட்டம் ஒன்றுக்கு அவனை எடுத்திருக்கிறார்கள். மணிக்கு முந்நூறு மைல் போகிற, எந்தத் தரையிலும் ஓடுகிற, ஆயுதம் பொருத்திய பைக் அவன் கையில் இருக்கிறது. அவன் யார் என்று தெரிந்த ஒரே ஆள் நார்மன் டட்டில். இத்தனையையும் ஒரு கனத்த குரல் மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும். பின்னாலேயே சிந்தசைசர் இசை ஓடிவரும். அந்த இசை தொடங்கிவிட்டால் எங்கள் தெருவில் கில்லி ஆடிக்கொண்டிருந்தவன்கூட ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவருவான்.

அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சி இந்தத் தொடரை 1985 ஜனவரி 4 அன்று தொடங்கியது. மே 16 அன்று கடைசிப் பாகம். முதல் நீளமான பாகத்தையும் சேர்த்து மொத்தம் 13. அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள். பிறந்த ஊரில் ஒரு கோடைக்காலம்கூடத் தாங்காத தொடர் அது. சில ஆண்டுகள் கழித்துத் தூர்தர்ஷன் வழியாக எங்களிடம் வந்தபோது, அது தோற்றுப்போன தொடர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

நாங்கள் மதுரையில் இருந்தோம். கொடைக்கானல் மலையிலிருந்து வருகிற ஒளிபரப்புக்காக மொட்டை மாடியில் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, மலையைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பார்கள். காற்றடித்தால் ஒருவன் மேலே போய்க் குழாயைத் திருக வேண்டும். படிக்கட்டில் நிற்பவன் மேலேயும் கீழேயும் செய்தி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் டிவி கிடையாது. மாடி வீட்டில் மரக்கதவு வைத்த சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஸ்ட்ரீட் ஹாக் வண்டியும் கறுப்பு, ஓட்டுகிறவனின் உடையும் ஹெல்மெட்டும் கறுப்பு, கதை நடப்பதும் பெரும்பாலும் ராத்திரியில். அதனால் கலர் டிவி இல்லையே என்கிற ஏக்கம் அந்த ஒரு தொடருக்கு மட்டும் எங்களுக்கு வந்ததே இல்லை.

ஆங்கிலம் எங்களில் யாருக்கும் ஓடாது. மாடி வீட்டு அண்ணன்தான் சொல்லிக்கொண்டே வருவார். அவர் வேலைக்குப் போன புதிது. ஒரு இன்ட் சுசுகி ஏஎக்ஸ் 100 வைத்திருந்தார். ஓசூர் டிவிஎஸ் தொழிற்சாலையில் 1984இலிருந்து வெளிவந்துகொண்டிருந்த வண்டி. அதற்குமுன் எங்களுக்குத் தெரிந்த மோட்டார் சைக்கிள் என்றால் புல்லட், ராஜ்தூத், யெஸ்டி. ஜப்பான் கூட்டில் நூறு சிசி வண்டிகள் வரிசையாக இறங்கிய காலம் அது. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தது, யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. தெருவில் புதிதாக ஒரு வண்டி நின்றால் சுற்றி நின்று பார்ப்போம். பெட்ரோல் டேங்கை விரலால் தொட்டுப் பார்ப்போம். அந்தப் பசியில் இருந்த பையன்களுக்கு முன்னால் ஸ்ட்ரீட் ஹாக்கைக் கொண்டுவந்து நிறுத்தினால் எப்படி இருக்கும்!

தொடர் ஓடும்போது நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

"அண்ணே, இப்ப என்னண்ணே சொன்னான்?"

"கம்ப்யூட்டர் வழியைக் கண்டுபிடிச்சிருச்சு. ரோடு காலியா இருக்காம். போகலாமாங்கிறான்."

"யார்கிட்டண்ணே கேக்குறான்? அவன்தானே ஓட்டுறான்?"

"ஓட்டுறது அவன். வேகத்தைத் தொறந்து விடறது நார்மன். பேசாமப் பாருடா."

அப்புறம் அந்த ஹைப்பர் த்ரஸ்ட். சாதாரணமாகவே மணிக்கு இருநூறு மைல் போகிற வண்டி, நார்மன் அங்கிருந்து அனுமதித்ததும் முந்நூறு மைலுக்குத் தாவும். நம் கணக்கில் கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர். அண்ணனின் வண்டி முறுக்கிப் பிடித்தால் எண்பது, தொண்ணூறு போகும். அதற்கே பின்னால் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணில் தண்ணீர் வரும். திரையில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கள் இரண்டு பக்கமும் கோடு கோடாக ஓடும். சிக்னல் விளக்குகள் வந்து மோதுவது மாதிரி வந்து விலகும். முன்னால் ஒரு லாரி வரும், முட்டப்போகிறது என்று நினைக்கும்போது வளைந்து போய்விடும். வண்டியின் முன்னால் கேமராவை வைத்து, குறைந்த வேகத்தில் படச்சுருளை ஓட்டி எடுத்துவிட்டு, இயல்பான வேகத்தில் திரையிட்டால் இந்த விளைவு கிடைக்கும். திரைப்படத்தின் ஆதிகாலத்திலிருந்து இருக்கிற உத்தி. அது தெரிந்த பிறகும் எனக்கு அந்த ஓட்டத்தில் வயிறு ஒரு கணம் கூசுகிறது.

மறுநாள் சாயங்காலம் தெருவெல்லாம் ஸ்ட்ரீட் ஹாக்தான். பின்சக்கரத்தின் பக்கத்தில் ஊதின பலூனைக் கட்டிவிட்டால் ஆரக்கம்பிகள் அதில் உரசி டர்ரென்று எஞ்சின் சத்தம் கொடுக்கும். பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் சைக்கிள் வைத்திருந்தவன் ஜெஸ்ஸி. வாடகைச் சைக்கிள் எடுத்தவன் வில்லன். சைக்கிளே இல்லாதவன் திண்ணையில் உட்கார்ந்து நார்மனாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். கையில் ஒரு பழைய டிரான்சிஸ்டர் கூடு. "ஹைப்பர் த்ரஸ்ட் போகலாம்" என்று நான் சொல்கிறவரை அவன் வேகமாக மிதிக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை எல்லாரும் மதித்தார்கள்.

ஜெஸ்ஸியாக நடித்தவர் ரெக்ஸ் ஸ்மித். இவரைப் பற்றி அப்போது எங்களுக்கு எதுவும் தெரியாது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் சுருட்டை முடியோடு சிரிக்கிற ஒரு முகம், அவ்வளவுதான். பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் அடிப்படையில் பாடகர். 1955 செப்டம்பரில் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். அவருடைய அண்ணன் மைக்கேல் லீ ஸ்மித், 'ஸ்டார்ஸ்' என்கிற ராக் குழுவின் பாடகர். ரெக்ஸும் எழுபதுகளின் நடுவில் தன் பெயரிலேயே ஒரு ராக் குழு நடத்தி இரண்டு ஆல்பம் போட்டுவிட்டு, நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 'கிரீஸ்' நாடகத்தில் கதாநாயகனாக நடிக்கப் போனார். 1979இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில் இளம் பாடகனாக நடித்துப் பாடிய 'யூ டேக் மை பிரெத் அவே' அமெரிக்கப் பாடல் வரிசையில் பத்தாம் இடம் வரைக்கும் ஏறியது. பதின்வயதுப் பெண்கள் சுவரில் ஒட்டி வைத்திருந்த முகம் அது. 1981இல் பிராட்வேயில் 'தி பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்கிற இசை நாடகம். கூட நடித்தவர்கள் கெவின் கிளைனும் லிண்டா ரான்ஸ்டாட்டும். அந்தக் கூட்டத்தில் நின்று பேர் வாங்கியவரைத்தான் கொண்டுவந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றியிருக்கிறார்கள்.

இது தெரிந்தபிறகு பார்த்தால் அவர் நடிப்பு வேறு மாதிரித் தெரிகிறது. அந்தக் காலத்துச் சாகசத் தொடர்களின் நாயகர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வசனம் பேசுவார்கள். ஜெஸ்ஸி மாக் அப்படி இல்லை. பேச்சில் ஒரு தாளம் இருக்கும். நார்மன் ஒரு விதியைச் சொன்னால், இவன் அதைக் காதில் வாங்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுத்து மீறப்போகிறேன் என்பதைச் சிரிப்பிலேயே சொல்லிவிடுவான். மேடையில் பாடிப் பழகியவருக்குத்தான் எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருந்து சரியான இடத்தில் நுழையத் தெரியும். ரெக்ஸ் ஸ்மித்தை அழகான முகம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

கதை எளிமையானது. ஜெஸ்ஸி, லாஸ் ஏஞ்சலஸ் போலீஸில் மோட்டார் சைக்கிள் ரோந்து போகிறவன், மண்தரைப் பந்தயங்களில் ஓட்டுகிறவன். ஒரு கும்பல் அவன் நண்பனைக் கொன்றுவிடுகிறது. அவன் காலும் நொறுங்குகிறது. இலாகா அவனை மக்கள் தொடர்புப் பிரிவில் மேசைக்குப் பின்னால் உட்கார வைக்கிறது. நார்மன் டட்டில் வந்து காலைச் சரிசெய்து தருவதாகச் சொல்லி, தான் உருவாக்கிய வண்டியைச் சோதித்து ஓட்டக் கூப்பிடுகிறான். பகலில் ஜெஸ்ஸி அலுவலகத்தில் அசட்டையான ஆள். ராத்திரியில் வேறு ஆள். அவனுடைய மேலதிகாரி கேப்டன் ஆல்டோபெல்லிக்கு எதுவும் தெரியாது.

அதே காலத்தில் பேசும் கார் ஒரு தொடரில் ஓடிக்கொண்டிருந்தது, ஹெலிகாப்டர்கள் இரண்டு தொடர்களில் பறந்தன. 'நைட் ரைடர்' 1982, 'ஏர்வுல்ஃப்' 1984, 'ப்ளூ தண்டர்' 1984. அந்த வரிசையில் மோட்டார் சைக்கிள் மட்டும்தான் பாக்கி, அதையும் எடுத்துவிட்டார்கள் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. வியாபாரக் கணக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் ஸ்ட்ரீட் ஹாக்கில் ஒரு முடிவு எடுத்தார்கள் பாருங்கள், அதுதான் தொடரை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. இந்த வண்டி பேசாது. வண்டிக்கென்று குணம் கிடையாது. ஹெல்மெட்டுக்குள் கேட்கிற குரல் ஒரு மனிதனுடையது. அதுவும் பயப்படுகிற, கவலைப்படுகிற, வண்டியில் கீறல் விழுந்தால் துடிக்கிற மனிதன்.

ஜோ ரெகல்புட்டோ அந்த நார்மனாக நடித்தார். டை கட்டி, தலைவாரி, எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும் என்கிற ஆள். (1988இல் தொடங்கிய 'மர்ஃபி பிரவுன்' நகைச்சுவைத் தொடர் பார்த்தவர்கள் அவரை ஃபிராங்க் ஃபோன்டானாவாக அறிவார்கள்.) திரைகள் நிறைந்த அந்த ரகசிய அறையில் அவர் தனியாக உட்கார்ந்திருப்பார். ஜெஸ்ஸிக்குத் தெருவில் என்ன ஆகிறது என்பது அவருக்கு ஒரு வரைபடமாகவும் சில எண்களாகவும்தான் தெரியும். ஹைப்பர் த்ரஸ்ட் வேகத்தில் மனிதக் கண்ணும் கையும் வேலைக்கு ஆகாது. கம்ப்யூட்டர் வழி சொல்ல வேண்டும், நார்மன் திறந்துவிட வேண்டும். அந்தச் சில நொடிகள் ஜெஸ்ஸி தன் உயிரை, கண்ணால் பார்க்க முடியாத இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சின்ன வயதில் வண்டியைத்தான் பார்த்தேன். லேசர், ராக்கெட், அழுத்தக் காற்றை விட்டு வண்டியை அப்படியே மேலே எழும்ப வைக்கிற விசை, இவைதான் கண்ணில் பட்டன. 2010இல் அமெரிக்காவில் முழுத் தொடரும் டிவிடியாக வந்தது. அது கைக்குக் கிடைத்து உட்கார்ந்து பார்த்தபோது, என்னை அசைத்தது இந்த இரண்டு பேருடைய உறவு. முதல் பாகத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. நார்மனுக்கு அது ஒரு சோதனைத் திட்டம். ஜெஸ்ஸிக்கு நண்பனைக் கொன்றவர்களைப் பிடிக்கக் கிடைத்த வாய்ப்பு. போகப்போக அந்த அறைக்கும் தெருவுக்கும் நடுவே ஓடுகிற பேச்சு மாறுகிறது. அதட்டலாக ஆரம்பித்தது அக்கறையாகிறது, ஆனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. "பார்த்துப் போ" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நார்மன் ஒரு எண்ணைச் சொல்லுவான், தூரமோ வேகமோ. ஜெஸ்ஸி ஒரு கிண்டல் அடிப்பான். நம் வீடுகளில் அப்பாக்கள் போனில் பேசுகிறதும் இப்படித்தானே.

வண்டியின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஆண்ட்ரூ ப்ரோபர்ட். ஏர்வுல்ஃப் ஹெலிகாப்டருக்கும் அவர்தான் உருவம் கொடுத்தார். பிற்பாடு 'ஸ்டார் டிரெக்' தொடரின் என்டர்பிரைஸ் விண்கலத்தின் புதிய வடிவத்தையும் வரைந்தார். உள்ளே இருந்தது ஹோண்டாதான். முதல் பாகத்துக்கு எக்ஸ்எல் 500 வண்டியை எடுத்து அதன்மேல் கறுப்புக் கூடு போட்டார்கள். முன்னால் கூர்மையான மூக்கு, பக்கங்களில் தகடு தகடாக இறங்குகிற உடல். கூட்டைக் கழற்றினால் காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற சாதாரண வண்டி. கவனித்துப் பார்த்தால் தாவும்போது சஸ்பென்ஷன் அமுங்கி எழுவது தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டாமல், நிஜமான வண்டியை நிஜமான ஆள் ஏற்றி மண்ணில் குதிக்க வைத்திருக்கிறார்கள்.

இசையைச் சொல்லாமல் விட முடியாது. மேற்கு பெர்லினைச் சேர்ந்த டாஞ்சரின் ட்ரீம் குழு போட்டது. 1967இல் எட்கர் ஃப்ரோஸ் தொடங்கிய குழு. மின்னணு இசையில் முன்னோடிகள். 1985இல் அவர்கள் வெளியிட்ட 'லெ பார்க்' ஆல்பத்தில் ஒவ்வொரு இசைத்துண்டும் உலகத்தின் ஒரு பூங்காவுக்கோ இடத்துக்கோ. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க், லண்டன் ஹைட் பார்க், பெர்லினின் டியர்கார்டன், கியோட்டோவின் ஒரு ஜென் தோட்டம். அந்த வரிசையில் லாஸ் ஏஞ்சலஸுக்காக உட்கார்ந்திருப்பது ஸ்ட்ரீட் ஹாக் இசை. ஹெட்போன் போட்டுக் கேட்டால், கீழே ஒரு துடிப்பு விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே மெட்டு நிதானமாக விரியும். முந்நூறு மைல் வேகத்துக்குப் போடுகிற இசை இவ்வளவு நிதானமாக இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் காலத்து மற்ற சாகசத் தொடர்களின் இசை உற்சாகப்படுத்தும். இது கொஞ்சம் ஏங்க வைக்கும்.

ஏன் தோற்றது? வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு வைத்தார்கள். அதே நேரத்தில் சிபிஎஸ் சேனலில் 'டல்லாஸ்'. எண்பதுகளில் அமெரிக்கா முழுக்கக் கட்டிப்போட்ட குடும்பக் கதை அது. அதன் எதிரில் யாரை நிறுத்தினாலும் அடிபட்டிருப்பார்கள். அதுவும் பையன்கள் பார்க்கிற தொடரைக் கொண்டுபோய் அங்கே வைத்தது, தொடங்குமுன்பே கழுத்தில் கயிறு போட்ட மாதிரி. கடைசியில் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டது. தொடரில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சில பாகங்களில் வில்லன்கள் அட்டைப் பொம்மைகள். ஜெஸ்ஸியின் அலுவலகத்தில் வேலை செய்கிற ரேச்சல் ஆடம்ஸாக வந்த ஜீனி வில்சனுக்கு, அங்கே ஆச்சரியப்படுவதைத் தவிர வேலை கொடுக்கவில்லை. ஆனால் இன்னும் ஒரு பருவம் விட்டிருந்தால் இதெல்லாம் சரியாகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எழுதுகிறவர்களுக்கு நார்மனும் ஜெஸ்ஸியும் பிடிபட ஆரம்பித்த நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பதின்மூன்றுக்குள் வந்துபோனவர்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். முதல் பாகத்தின் வில்லன் கிறிஸ்டோபர் லாய்ட். அதே 1985 ஜூலையில் 'பேக் டு தி ஃப்யூச்சர்' வெளியாகி, கலைந்த வெள்ளை முடி விஞ்ஞானியாக அவரை உலகமே கொண்டாடியது. அந்தப் படத்தின் காலப்பயணக் கார் வடிவமைப்பில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூ ப்ரோபர்ட். ஸ்ட்ரீட் ஹாக்கை வரைந்த கையும் ஸ்ட்ரீட் ஹாக் துரத்திய வில்லனும் சில மாதங்களுக்குள் இன்னொரு வண்டியில் சந்தித்திருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஜெஸ்ஸியின் பழைய நண்பன் கெவின் ஸ்டார்க்காக வருகிற ஒல்லிப் பையன் ஜார்ஜ் க்ளூனி. அப்போது அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஈஆர்' தொடர் அவரைத் தூக்கிவிட இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

ரெக்ஸ் ஸ்மித்துக்கு அந்த மாதிரி ஏற்றம் வரவில்லை. 1989இல் பில் பிக்ஸ்பி இயக்கி நடித்த ஹல்க் தொலைக்காட்சிப் படத்தில் மாட் மர்டாக் என்கிற கண்பார்வையற்ற வழக்கறிஞராக, அதாவது டேர்டெவிலாக வந்தார். மார்வெலின் அந்தப் பாத்திரத்தை ரத்தமும் சதையுமாக முதன்முதலில் நடித்தவர் இவர்தான். இங்கேயும் கறுப்பு உடை, மறைத்த முகம், பகலில் ஒரு ஆள், ராத்திரியில் ஒரு ஆள். அந்தக் கறுப்பு உடையைப் பார்த்துவிட்டு, 2015இல் வந்த டேர்டெவில் தொடரின் முதல் பருவத்து உடையையும் பாருங்கள். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவர் மறுபடியும் மேடைக்கே போய்விட்டார். பிராட்வேயில் 'தி ஸ்கார்லெட் பிம்பர்னெல்' நாடகத்தில் வில்லன் ஷோவ்லானாகப் பாடினார். ஒருவகையில் அவர் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதில் எனக்கு நிம்மதிதான். டிவி அவரைச் சரியாகப் பயன்படுத்தவில்லை. மேடை கைவிடவில்லை.

இதுவரை பார்க்காதவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதல் இரண்டு பாகங்களை ஒரே ராத்திரியில் பாருங்கள் என்பேன். முதலாவதில் நார்மன் ஜெஸ்ஸியை நம்பாமல் தவிப்பதைப் பார்க்கலாம். இரண்டாவதில், பழைய நண்பனா கடமையா என்று ஜெஸ்ஸி தடுமாறும்போது ரெக்ஸ் ஸ்மித்தின் முகத்தைக் கவனியுங்கள். சண்டை எதுவும் இல்லாத காட்சிகளில்தான் அவர் நல்ல நடிகர் என்பது தெரியும். பிடித்திருந்தால் மிச்சம் பதினொன்று இருக்கிறது. ஒரு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயடியாகப் பார்த்துத் தீர்த்துவிட்டால் அப்புறம் பார்க்க எதுவும் இல்லை.